ஆணழகனும் ஐந்து மில்லிகிராம் மாத்திரையும்

தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவரைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயருக்கு முன்னால் வரும் 'சாண்டோ' எங்கிருந்து வந்தது? அது ஊர்ப் பெயருமல்ல, படித்து வாங்கிய பட்டமுமல்ல. பிரஷ்யாவில் 1867ல் பிறந்து, லண்டனில் பேரும் பணமும் சம்பாதித்த யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர் அது. உடம்பை இரும்பு மாதிரி வைத்திருப்பவரை 'சாண்டோ' என்று அழைப்பது அந்தக் காலத்து வழக்கம். சின்னப்பா தேவருக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இன்று ஆணழகன் போட்டி என்று சொல்கிறோமே, அதைப் பெரிய அளவில் முதலில் நடத்தியவரும் இந்த சாண்டோதான். 1901 செப்டம்பர் 14, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். நடுவர்களாக சாண்டோவோடு உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சார்லஸ் லாஸ் என்ற சிற்பி, இன்னொருவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில்! (ஒரு சிற்பி, ஒரு துப்பறியும் கதாசிரியர்... இந்த விளையாட்டின் பிற்கால வரலாற்றைப் பார்த்தால் இரண்டாமவர்தான் அதிகம் தேவைப்பட்டிருப்பார் என்று தோன்றுகிறது.) நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே ஜெயித்தார். அன்று அந்த மேடையில் யாரும் யாரையும் பார்த்து "நீ நேச்சுரலா?" என்று கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வியே கிடையாது. 'நேச்சுரல் பாடிபில்டர்' என்ற சொல் பிறக்க வேண்டுமானால், நேச்சுரல் அல்லாத ஒருவர் முதலில் பிறந்தாக வேண்டும் இல்லையா?

அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அந்த இடைவெளியில் வந்தவர்களில் இரண்டு பேரைப் பார்த்துவிடலாம். ஒருவர் அமெரிக்காவின் ஸ்டீவ் ரீவ்ஸ். 1947ல் மிஸ்டர் அமெரிக்கா, 1950ல் மிஸ்டர் யுனிவர்ஸ், பிறகு 'ஹெர்குலிஸ்' படத்தின் நாயகன். ஆறடிக்கு மேல் உயரம், எடை 97 கிலோ சுமார். இன்னொருவர் நம்ம ஊர் ஆள், வங்காளத்தின் மனோகர் ஐச். உயரம் நாலடி பதினோரு அங்குலம்தான். பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனார். சிறையில் வேறு என்ன வேலை? மணிக்கணக்காக உடற்பயிற்சி. 1952ல், தன் 40வது வயதில், உயரம் குறைந்தோர் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம். 2016ல் இறந்தபோது அவருக்கு வயது 104.

சரி, மருந்து எங்கிருந்து வந்தது?

அதன் முன்கதை கொஞ்சம் கோமாளித்தனமானது. 1889ல் பாரிஸில், பிரவுன் செக்வார் என்ற 72 வயது உடலியல் பேராசிரியர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிஞர்கள் சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்க முடியாது என்கிறது இன்றைய அறிவியல். ஆனால் அவர் தேடிய திசை சரிதான். 1935ல் ஆம்ஸ்டர்டாமில் காளையின் விரையிலிருந்து அந்த ஹார்மோனைத் தனியே பிரித்து 'டெஸ்டோஸ்டிரோன்' என்று பெயரிட்டார்கள். அதே வருடம் புட்டனான்ட், ருஷிச்கா என்ற இருவர் தனித்தனியே அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார்கள். 1939ல் இருவருக்கும் வேதியியல் நோபல். (ஹிட்லர் அரசு புட்டனான்டை வாங்கவிடவில்லை, அது தனிக்கதை.)

அடுத்த காட்சி 1954, வியன்னா. உலகப் பளுதூக்கும் போட்டி. அமெரிக்க அணியோடு போயிருந்த டாக்டர் ஜான் சீக்லர், பின்னாளில் தானே சொன்னபடி, ஒரு சோவியத் மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தபோது சங்கதி வெளியே வந்தது. சோவியத் வீரர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கிறார்கள்! பனிப்போர்க் காலம். அவர்களிடம் இருப்பது நம்மிடம் இல்லாமல் இருப்பதா? சீக்லர் ஊர் திரும்பியதும் பென்சில்வேனியாவின் யார்க் நகரத்துப் பளுதூக்குவோரிடம் டெஸ்டோஸ்டிரோனைச் சோதித்துப் பார்த்தார். பெரிய பலன் தெரியவில்லை. பிறகு 1958ல் சீபா கம்பெனி 'டயனபால்' என்ற மாத்திரையைக் கொண்டுவந்தது. உடல் மெலிந்துபோன நோயாளிகளுக்கு, தீக்காயம் பட்டவர்களுக்கு, எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு என்று வந்த மருந்து அது. ஒரு மாத்திரை 5 மில்லிகிராம். ஊசி வேண்டாம், தண்ணீரில் விழுங்கினால் போதும்.

யார்க் நகரத்தில் பாப் ஹாஃப்மன் என்று ஒரு முதலாளி இருந்தார். பார்பெல் தொழிற்சாலை அவருடையது, பளுதூக்கும் கிளப்பும் அவருடையது, 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்' பத்திரிகையும் அவருடையது, 'ஹை புரோட்டீன்' என்ற சோயா மாவு வியாபாரமும் அவருடையது. (நாலும் ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.) 1960 வாக்கில் அவர் கிளப்பின் பில் மார்ச் திடீரென்று எடை எடையாகக் கூட்டித் தூக்க ஆரம்பித்தார். அடுத்து லூ ரீக்கி. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், 1964ல் ஸ்னாட்ச்சில் உலக சாதனையே படைத்துவிட்டார். எப்படி? ஹாஃப்மனின் பத்திரிகை விடை சொன்னது: ஐசோமெட்ரிக்ஸ்! அதாவது இரும்புச் சட்டத்துக்குள் நகரவே நகராத கம்பியை நிறுத்தி, அதைச் சில நொடிகள் முழு பலத்தோடு தள்ளுவது. தினமும் சில நிமிடங்கள் போதும். அதற்கான சட்டமும், பயிற்சிப் புத்தகமும் யார்க் கம்பெனியிலேயே கிடைக்கும்.

மார்ச்சும் ரீக்கியும் கம்பியைத் தள்ளியது உண்மை. கூடவே சீக்லர் கொடுத்த டயனபாலை விழுங்கியதும் உண்மை. இரண்டாவது உண்மையைப் பத்திரிகை அச்சிடவில்லை.

யோசித்துப் பாருங்கள். எங்கோ ஒரு சின்ன ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பையன், கிடைத்த காசைச் சேர்த்துச் சட்டம் வாங்கி, பத்திரிகையில் போட்டிருந்தபடியே மாதக்கணக்காகக் கம்பியைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். பத்திரிகையில் வந்ததில் கால்வாசிகூட அவனுக்கு நடக்கவில்லை. அவன் என்ன நினைப்பான்? தப்பு தன்னிடம்தான் என்று நினைப்பான். சில வருடங்களில் மாத்திரை ரகசியம் கசிந்தது. அப்போது அதே பையன் என்ன நினைத்திருப்பான்? பயிற்சி எல்லாம் வெறும் கண்துடைப்பு, எல்லாமே மாத்திரைதான் என்று. இரண்டும் தவறு. ஐசோமெட்ரிக்ஸ் உண்மையில் பயனுள்ள பயிற்சிதான், இன்று பிசியோதெரபியில்கூட இருக்கிறது. ஹாஃப்மனின் பொய் அதையும் சேர்த்துக் கெடுத்து, பாதி உலகத்தை மாத்திரையின் பக்கம் தள்ளிவிட்டது.

சீக்லர் கொடுத்தது ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மாத்திரை அளவுதான். வீரர்களோ ஒன்று நல்லதென்றால் ஐந்து இன்னும் நல்லதுதானே என்று தாங்களாகவே கூட்டிக்கொண்டார்கள். வெறுத்துப்போன சீக்லர் ஒதுங்கிவிட்டார். தன் வாழ்க்கையில் அந்த அத்தியாயத்தையே அழித்துவிட விரும்புவதாகப் பிற்காலத்தில் வருந்தியவர், 1983ல் இறந்தார்.

பளுதூக்குவோரிடமிருந்து ஆணழகர்களுக்கு வர மருந்துக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. 1946ல் வைடர் சகோதரர்கள் மான்ட்ரியலில் தொடங்கிய ஐஎஃப்பிபி, 1965 முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியை நடத்தியது. 1970களில் அர்னால்ட் ஸ்வார்ஸ்னெக்கர் அதை உலகறியச் செய்தார். தான் ஸ்டீராய்டு எடுத்ததை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. அன்றைக்கு அது சட்டவிரோதமும் இல்லை. ஆனால் பத்திரிகைகளில் என்ன வந்தது? பவுடர் டப்பா, வைட்டமின் பொட்டலம், 'சாம்பியனின் ரகசியம்'. வைடர் கம்பெனி 'அனபாலிக் மெகா பாக்' என்று பெயர் வைத்தே ஒரு வைட்டமின் பொட்டலம் விற்றது. அதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 1985ல் நடவடிக்கை எடுத்தது. யார்க் நகரத்துச் சட்டத்தின் இடத்தில் டப்பா வந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் வியாபாரிகள் இப்படி என்றால், அந்தப் பக்கம் டாக்டர்கள் வேறு மாதிரி சொதப்பினார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1977ல் ஓர் அறிக்கை விட்டது. ஸ்டீராய்டால் உடல் வலிமை கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். அவர்கள் பொய் சொல்லவில்லை. கையில் இருந்த ஆய்வுகள் அப்படி. கொஞ்சமான அளவு, பயிற்சி இல்லாத ஆட்கள், சில வாரங்கள். ஜிம்மில் விழுங்கும் அளவை ஆய்வகத்தில் ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்க எந்த மருத்துவரின் மனசாட்சிதான் இடம் கொடுக்கும்? ஆனால் ஜிம்மில் இருந்தவனுக்கு எதிரே கண்ணாடி இருந்தது. பக்கத்தில் ஒருவன் மூன்று மாதத்தில் வீங்கிக்கொண்டிருந்தான். 1984ல் அந்தக் கல்லூரி தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. 'வேலை செய்யாது' என்று சொன்ன அதே டாக்டர் 'இதயம் போய்விடும்' என்று சொன்னபோது, இதுவும் அந்த மாதிரிதான் என்று ஜிம் சிரித்தது.

எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு முறையான விடை 1996ல்தான் கிடைத்தது. ஷலேந்தர் பாசின் குழுவினர் 43 ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், சிலருக்கு வெறும் ஊசி, 10 வாரம். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை சுமார் 2 கிலோ கூடியது. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களுக்கு? 3 கிலோவுக்கு மேல்! இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. வியர்வை சிந்தியவனை விடச் சும்மா இருந்தவன் முந்திவிட்டான் என்ற இந்தக் கணக்கைப் பார்த்தால்தான், நேச்சுரல்காரர்களின் ஆத்திரம் புரியும்.

அந்த ஆத்திரத்துக்கு ஆரம்ப முகம் கொடுத்தவர்களில் ஒருவர் செட் யார்ட்டன். விபத்தில் கால்கள் சிதைந்து சக்கர நாற்காலியில் இருந்தவர், எடை தூக்கித் தூக்கியே எழுந்து நின்றவர். 1966ல் லண்டன் மிஸ்டர் யுனிவர்ஸ் அமெச்சூர் போட்டியில் முதல் பரிசு அவருக்கு. இரண்டாம் பரிசு வாங்கியவர் 19 வயது அர்னால்ட்! யார்ட்டன் ஸ்டீராய்டை வெளிப்படையாக எதிர்த்தார், மருந்தில்லாதவர்களுக்கென்று தனிப்போட்டிகள் வேண்டும் என்று பாடுபட்டார். 70களின் பிற்பகுதியிலிருந்து அப்படிப்பட்ட போட்டிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 80களின் இறுதியில் உலக நேச்சுரல் பாடிபில்டிங் சம்மேளனம் (டபிள்யூஎன்பிஎஃப்) உருவானது. 1998ல் நேச்சுரல் ஒலிம்பியா தொடங்கியது.

ஆனால் இவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல். ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தேன் என்று நிரூபிக்கலாம். ஒன்றை எடுக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? சிறுநீர்ச் சோதனை இன்றைக்கு என்ன இருக்கிறது என்றுதான் சொல்லும். மூன்று வருடம் முன்பு ஏற்றிய தசை உடம்பில் இருக்கும், மருந்து போய்விட்டிருக்கும். அதனால் பல அமைப்புகள் ஏழு வருடம், பத்து வருடம் மருந்து தொடாதவராக இருக்கவேண்டும் என்று விதி வைத்தன. அதைக் கண்டுபிடிக்க? பொய் கண்டறியும் கருவி! ஆணழகன் போட்டிக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சிலும் விரலிலும் பட்டைகளைக் கட்டி, "ஊசி போட்டாயா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கருவியின் நம்பகத்தன்மை மேல் விஞ்ஞானிகளுக்கே பெரிய மதிப்பு கிடையாது. நம் உச்ச நீதிமன்றம் 2010ல் செல்வி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட அவர் சம்மதமில்லாமல் இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. நடுங்குகிற யோக்கியன் தோற்கலாம், நெஞ்சழுத்தக்காரன் ஜெயிக்கலாம். சிறுநீர்ச் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு. டெஸ்டோஸ்டிரோனையும் எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற அதன் ஒன்றுவிட்ட சகோதரனையும் ஒப்பிட்டு, 4க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டினால் சந்தேகம் என்பார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணு இல்லாதவர்களுக்கு (கிழக்காசியாவில் இவர்கள் அதிகம்) ஊசி போட்ட பிறகும் விகிதம் அவ்வளவாக ஏறுவதில்லை.

இன்னொரு வழி, அளவுகோல். 1995ல் கௌரி, போப் முதலானோர் 157 விளையாட்டு வீரர்களை அளந்தார்கள். கொழுப்பல்லாத எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது அவர்கள் கணக்கு. 175 செ.மீ. உயரம், 80 கிலோ, பத்து சதவீதம் கொழுப்பு என்றால் சுமார் 23.5 வரும். மருந்து எடுக்காதவர்கள் 25ஐத் தாண்டவில்லை, எடுத்தவர்களில் பலர் எளிதாகத் தாண்டினார்கள். உடனே ஜிம் உலகம் 25ஐ லட்சுமணன் கோடாக்கிவிட்டது. தாண்டியவன் எல்லாம் திருடன்! ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1939 முதல் 1959 வரை மிஸ்டர் அமெரிக்கா ஜெயித்தவர்களின் சராசரி 25.4. பெரும்பாலும் மாத்திரைக்கு முந்தைய காலம் அது. அபூர்வமான உடல்வாகு கொண்டவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. 25ஐ வைத்துக்கொண்டு ஒருவரைச் சந்தேகிக்கலாம், தண்டிக்க முடியாது.

பெரிய மேடையும் ஒருமுறை சோதனை செய்து பார்த்தது. 1990ல். அந்த வருட அர்னால்ட் கிளாசிக்கில் ஜெயித்த ஷான் ரே சோதனையில் சிக்கி, பட்டம் மைக் ஆஷ்லிக்குப் போனது. அதே வருட மிஸ்டர் ஒலிம்பியாவிலும் சோதனை, சிலர் வெளியேற்றம். மறு வருடம் சோதனையை ஓசையில்லாமல் கைவிட்டார்கள். ரசிகர்கள் வந்தது பிரம்மாண்டத்தைப் பார்க்க. அந்தப் பிரம்மாண்டம் எங்கே போய் நின்றது என்றால், 2003ல் ரானி கோல்மன் மேடை ஏறியபோது சுமார் 130 கிலோ. ஸ்டீவ் ரீவ்ஸை விட உயரம் குறைவு, எடை 30 கிலோவுக்கு மேல் அதிகம்!

இதன் விலை சிலருக்குச் சீக்கிரமே வந்தது. 1992ல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு முகமது பெனாசிசா இறந்தார். 1996 மார்ச்சில், அர்னால்ட் கிளாசிக்கில் கலந்துகொண்டு சில நாட்களிலேயே ஆஸ்திரியாவின் ஆன்ட்ரியாஸ் முன்ஸர் மியூனிக்கில் இறந்தார். வயது 31. எல்லாவற்றுக்கும் ஸ்டீராய்டை மட்டும் காரணம் சொல்வது சரியாகாது. தோல் காகிதம் போல் தெரிய உடம்பின் நீரை வற்றவைக்கும் மாத்திரைகளும் சேர்ந்த வேலை அது. ஸ்டீராய்டு தன் பங்கை மெதுவாகச் செய்கிறது. நல்ல கொழுப்பு இறங்குகிறது, கெட்டது ஏறுகிறது, இதயச் சுவர் தடிக்கிறது, மாத்திரை வடிவம் ஈரலைத் தின்கிறது, வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் உடம்பு தானே சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. 2025ல் இத்தாலியின் பதோவா ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான ஆய்வு, 2005 முதல் 2020 வரை ஐஎஃப்பிபி போட்டிகளில் ஏறிய 20,286 ஆண்களைத் தேடியது. 121 பேர் இறந்திருந்தார்கள். சராசரி வயது 45. அதில் 38 சதவீதம் திடீர் இதய மரணம். தொழில்முறை வீரர்களுக்கு அந்த ஆபத்து அமெச்சூர்களை விட ஐந்து மடங்கு.

இவ்வளவு தெரிந்த பிறகாவது யார்க் நகரத்து வியாபாரம் முடிந்ததா என்றால், இல்லை. சமீபத்தில் 'லிவர் கிங்' என்று ஓர் அமெரிக்கர் இணையத்தில் பிரபலமானார். மேல்சட்டை போடாமல், பச்சை ஈரலைக் கடித்துத் தின்று, நம் மூதாதையர் மாதிரி வாழ்ந்தால் இந்த உடம்பு வரும் என்றார். லட்சக்கணக்கான பையன்கள் பார்த்தார்கள். ஈரல் மாத்திரைகள் அவர் கம்பெனியிலேயே கிடைத்தன. 2022 இறுதியில் அவருடைய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. மருந்துகளுக்கு மட்டும் மாதம் 11,000 டாலருக்கு மேல் செலவு. சில நாட்களில் ஒரு வீடியோவில் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அப்போதும் சட்டை போட்டிருக்கவில்லை. ஈரல் மாத்திரை விற்பனை அதன் பிறகும் தொடர்ந்தது.